கற்பனை நாட்டு வரைபடத்தில் பயணத் தூரம் கணக்கிடுவது எப்படி?

கிளாம்பாக்கத்தில் ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது மதுரை. சென்னையில் இருப்பவர்களுக்குத் தூரம் என்பது இப்படித்தான் மனதில் பதிந்திருக்கிறது. சென்னைக்கும் மதுரைக்கும் இடையே உள்ள அந்த 460 கிலோமீட்டர் சொச்சத்தை உங்கள் கதாநாயகி நடந்தே போனால், நாளுக்கு 25 கிலோமீட்டர் வீதம் 18 நாளைத் தாண்டும். ஓய்வு, காய்ச்சல், ஆற்றில் வெள்ளம் வடியக் காத்திருப்பது எல்லாம் சேர்த்தால் மூன்று வாரம். "மறுநாள் மாலை அவள் தலைநகரை அடைந்தாள்" என்று எழுதிவிட்டு நாம் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறோம். வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கிற வாசகர் அங்கேயே நின்றுவிடுவார்.

கற்பனைத் தொடர் எழுதத் தொடங்கியிருப்பவர்களுக்கும், நண்பர்களைக் கூட்டி வைத்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை விளையாட்டை நடத்துகிறவர்களுக்கும் இது. இந்தக் கணக்குகள் எல்லாம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தேடிக் கோக்க நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம்.

1. கையில் என்னென்ன வேண்டும், எவ்வளவு செலவாகும்

செலவு பெரிதில்லை. கையால் அளப்பதானால் வரைபடத்தின் ஏ3 பிரிண்ட் ஒன்று, பூக்கட்டும் நூல், ஸ்கேல், பள்ளிக்கூட ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் டிவைடர். எல்லாம் சேர்த்து இருநூறு, முந்நூறு ரூபாய்க்குள் அடங்கும். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் அதுவும் குறையும். நைலான் நூல் வாங்காதீர்கள், இழுத்தால் நீளும்.

கம்ப்யூட்டரில் செய்வதானால் ஜிம்ப், இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருள்கள் இரண்டும் இலவசம். வரைபடமே இன்னும் இல்லையா? அஸ்கார் ஃபேண்டஸி மேப் ஜெனரேட்டர் பிரவுசரிலேயே ஓடும், இலவசம். கண்டம், ஆறு, ஊர் எல்லாம் அதுவே போட்டுத் தரும். வளைந்த கோட்டை அளக்கும் கருவியும் அதற்குள் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் வரைபட மென்பொருள் பக்கம் இப்போதைக்குப் போகவேண்டாம். அது படத்தை அழகாக்கும், நாள் கணக்கை எப்படியும் நீங்கள்தான் போடவேண்டும்.

இவற்றைவிட முக்கியம் நான்கு தாள்கள்: திருத்தம் முடிந்த மூல வரைபடம், அளவுத் தாள், வேகத் தாள், பயணப் பதிவேடு. முதல் மூன்றையும் ஒரு வாரக்கடைசியில் முடித்துவிடலாம். நான்காவது, கதை ஓடும்வரை கூடவே ஓடும்.

2. அளவை நாளில் தொடங்குங்கள்

புதியவர்கள் முதலில் செய்வது, படத்தின் மூலையில் ஒரு கோடு போட்டு '100 கிலோமீட்டர்' என்று எழுதுவது. எண் அழகாக இருக்கும், கதைக்கு ஒத்துவராது. பிறகு எந்த ஊருக்குப் போனாலும் கதைக்கு வேண்டியதைவிட மூன்று மடங்கு நாளாகும்.

தலைகீழாகச் செய்யுங்கள். உங்கள் கதையில் மாற்றவே முடியாத பயணம் ஒன்று இருக்கும். அதை மட்டும் எடுத்துக்கொண்டு எத்தனை நாள் ஆகவேண்டும் என்று முடிவு செய்யுங்கள். உதாரணமாக, தலைநகர் வெண்கோட்டிலிருந்து துறைமுகமான ஆழித்துறைக்கு நடந்தால் மூன்று நாள். நாளுக்கு 25 வீதம் 75 கிலோமீட்டர். சென்னைக்கும் காஞ்சிபுரத்துக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய இதுதான். வரைபடத்தில் அந்தச் சாலையை நூலால் அளந்தால் 5 சென்டிமீட்டர் வருகிறது என்று வையுங்கள். சரி, 1 சென்டிமீட்டருக்கு 15 கிலோமீட்டர். இனி முழு நாட்டுக்கும் இதே அளவு.

நம் ஊருக்கு இது புதிதில்லை. 1802-ல் லாம்டன் என்ற ஆங்கிலேய நில அளவையாளர் பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே ஒரு கோட்டைச் சங்கிலி போட்டுத் துல்லியமாக அளந்தார். அதன்பின் தூரங்கள் கோணங்களிலிருந்து கணக்காக வந்தன. ஒரு கோடு சரியாக இருந்தால் போதும்.

அளவுத் தாளில் எழுதவேண்டியவை: எந்த இரண்டு ஊர், எத்தனை நாள், எத்தனை கிலோமீட்டர், படத்தில் எவ்வளவு நீளம். கதைக்குள் காதம் என்று எழுத ஆசையிருந்தால் தாராளமாக எழுதுங்கள். ஆனால் காதத்துக்குப் பல கணக்குகள் உண்டு. உங்கள் நாட்டில் ஒரு காதம் எத்தனை கிலோமீட்டர் என்று அதே தாளில் குறித்துவிடுங்கள். நாழிகைக்கு அந்தக் குழப்பம் இல்லை. 24 நிமிடம் ஒரு நாழிகை, ஒரு மணி நேரத்துக்கு இரண்டரை நாழிகை.

இங்கே மூன்று பள்ளங்கள் உண்டு.

'1 செ.மீ. = 15 கி.மீ.' என்று எழுத்தில் மட்டும் எழுதி வைத்தால், படத்தைச் சிறிதாக்கிய மறுகணமே அது பொய். அளவுக்கோட்டைப் படத்துக்குள்ளேயே வரைந்துவிடுங்கள். படம் சுருங்கினால் கோடும் கூடவே சுருங்கும்.

இரண்டாவது ஜெராக்ஸ் கடையில் நடப்பது. திருவல்லிக்கேணியானாலும் பாரிமுனையானாலும் கடைக்காரர் கேட்காமலேயே தாளுக்குப் பொருந்தும்படி சுருக்கி அடித்துவிடுவார். 'ஆக்சுவல் சைஸ்' என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள், வாங்கியதும் அளவுக்கோட்டின்மேல் ஸ்கேலை வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, கையால் வரைந்த படத்தை மொபைலில் சாய்வாகப் படம்பிடிப்பது. ஒரு ஓரம் குறுகி, வடநாடு முழுக்கத் தூரம் குறைந்துவிடும். ஸ்கேன் செய்யுங்கள்.

உங்கள் வரைபடம் முழு உலகத்தையும் காட்டுவதென்றால் ஒரு எச்சரிக்கை. உருண்டை உலகைத் தட்டையாக விரிக்கும் மெர்கேட்டர் முறையில் நீட்டிய படத்தில் 60 பாகை அட்சரேகையில் தூரம் இரண்டு மடங்காகத் தெரியும். சென்னை இருக்கும் 13 பாகையில் வித்தியாசம் நூற்றுக்கு மூன்றுகூட வராது. தமிழ்நாடு அளவு நாடென்றால் இதை மறந்துவிடலாம்.

3. நூல் போட்டு அளப்பது

நூலைச் சாலையின் வளைவோடு வளைத்து வையுங்கள், இரு முனையிலும் பேனாவால் புள்ளி வையுங்கள், எடுத்து ஸ்கேலில் நீட்டிப் பாருங்கள். டிவைடரானால் முள்ளை 1 சென்டிமீட்டருக்கு விரித்து, சாலை நெடுக அடிமேல் அடியாக எடுத்து வைத்து எண்ணுங்கள்.

ஜிம்பில் உள்ள அளவுக் கருவி நேர்க்கோட்டைத்தான் அளக்கும். வளைந்த சாலையைத் துண்டுகளாக அளந்து கூட்டவேண்டும். விடை பிக்சலில் வரும். அளவுக்கோட்டையும் அதே கருவியால் அளந்து, அது 500 பிக்சல், 75 கிலோமீட்டர் என்றால், ஒரு பிக்சல் 0.15 கிலோமீட்டர். இங்க்ஸ்கேப்பில் சாலையை ஒரே பாதையாக வரைந்துவிட்டால் மொத்த நீளத்தையும் அதுவே சொல்லும்.

கப்பல் வழிக்கு மட்டும் கரையின் ஒவ்வொரு நெளிவுக்குள்ளும் நூலை நுழைக்காதீர்கள். மாலுமி முனையிலிருந்து முனைக்குப் போவான்.

4. மலைக்கும் ஆற்றுக்கும் கூட்டவேண்டியது

படத்தில் வரைந்த சாலை எவ்வளவு வளைந்தாலும் நிஜச் சாலை அதைவிட வளையும். கன்னியாகுமரிக்கும் சென்னைக்கும் நேர்க்கோட்டில் 630 கிலோமீட்டரை ஒட்டி வரும், சாலையில் 700. சமவெளியில் பத்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. மலைக்கு இந்தக் கணக்கு செல்லாது. மேட்டுப்பாளையமும் ஊட்டியும் நேர்க்கோட்டில் 30 கிலோமீட்டருக்கும் குறைவு, மலை ரயில் பாதையோ 46 கிலோமீட்டர். ஆக மலையில் ஒன்றரை மடங்குக்கு மேல். கொல்லிமலை மாதிரி எழுபது கொண்டை ஊசி வளைவு போட நினைத்தால் இன்னும் தாராளமாகக் கூட்டுங்கள்.

கவனியுங்கள்: இரண்டாவது படியில் சாலைப் பயணத்தின் நாளைக் கொண்டே அளவை நிர்ணயித்திருந்தால், சமவெளி வளைவுகள் அதிலேயே அடங்கிவிட்டன. மறுபடி பெருக்காதீர்கள். மலைக்கு மட்டும் கூட்டினால் போதும்.

ஏற்றத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. 1892-ல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன விதியை மலையேறுகிறவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், மேலே ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். திடகாத்திரமான ஆளுக்கான கணக்கு இது. மூட்டை தூக்கிக்கொண்டு, குழந்தையோடு போகிறவர்களுக்கு அரை மடங்கு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆறு படத்தில் நீலக்கோடு. கதையில் அது எந்த மாதம் என்பதைப் பொறுத்தது. பாலாறு வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான், நடந்தே கடக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் கரையில் உட்கார வேண்டியதுதான். ஒவ்வொரு ஆற்றுக்கும் பாலமா, பரிசலா, இறங்கிக் கடப்பதா, எந்த மாதங்களில் முடியாது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். கதையில் ஆளைத் தாமதப்படுத்த இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

5. வேகத் தாள்

ஒரு பக்கத்துக்குமேல் போகவேண்டாம். என் தாளில் உள்ளவை:

நடை: மணிக்கு 4 முதல் 5 கிலோமீட்டர், நாளுக்கு 25. திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். பலருக்கு நான்கைந்து மணி நேரம் ஆகும், பௌர்ணமிக் கூட்டத்தில் கூடுதலாகும். நீங்களே ஒருமுறை போயிருப்பீர்கள், அந்தக் கால்வலியை நினைவில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். நீண்ட நடைக்குப் புரட்டாசித் திருக்குடைகளைப் பாருங்கள். சென்னையின் பூக்கடைப் பகுதியிலிருந்து கிளம்பி வழியில் ஊர் ஊராக நின்று திருப்பதி போய்ச்சேர ஐந்தாறு நாளாகிறது, தூரம் சுமார் 135 கிலோமீட்டர். பெரிய கூட்டம் நடந்தால் என்ன வேகம் வரும் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டாம்.

மாட்டுவண்டி: மணிக்கு 3, நாளுக்கு 15 முதல் 20. மழையில் சேறானால் பாதி. வண்டிப்பாதை இல்லாத மலையில் சரக்கைப் பொதிமாட்டுக்கு மாற்றவேண்டும், அதற்கு ஒரு நாள் எழுதிக்கொள்ளுங்கள்.

குதிரை: ஒரே குதிரையில் பல நாள் போவதானால் நாளுக்கு 40 முதல் 50. பாய்ச்சலில் மணிக்கு 40 கிலோமீட்டர் போகும் என்பதை வைத்துப் பத்து மணி நேரத்துக்கு 400 என்று பெருக்குகிறவர்களே அதிகம். பாய்ச்சல் சில கிலோமீட்டருக்குத்தான் தாங்கும். 160 கிலோமீட்டரை ஒரே நாளில் முடிக்கும் பந்தயங்கள் இன்று உண்டு. அவற்றுக்கென்றே பழக்கிய குதிரைகள், நடுநடுவே டாக்டர் பரிசோதனை.

அஞ்சல் குதிரை: 1860-61-ல் அமெரிக்காவில் ஓடிய போனி எக்ஸ்பிரஸ், சுமார் 3,000 கிலோமீட்டரைப் பத்து நாளில் கடந்தது. குதிரையும் ஆளும் மாறிக்கொண்டே இருந்ததால் முடிந்தது. உங்கள் அரசன் இதைச் செய்யவேண்டுமானால் 20 கிலோமீட்டருக்கு ஒரு லாயம், அதில் குதிரைகள், காவல், புல், சம்பளம் எல்லாம் படத்தில் இருக்கவேண்டும். எதிரி நாட்டுக்குள் இது நடக்காது.

யானை: நடையில் மனிதனைவிடக் கொஞ்சம் வேகம்தான். சிக்கல் வயிற்றில் இருக்கிறது. ஒரு நாளைக்கு சுமார் 150 கிலோ தீவனம், 100 லிட்டருக்கு மேல் தண்ணீர். நூறு யானையை வறண்ட நிலத்தில் ஓட்டிப்போகும் முன் ஏரிகள் எங்கே என்று படத்தில் பாருங்கள்.

பாய்க்கப்பல்: காற்று சாதகமானால் 5 நாட், அதாவது மணிக்கு 9 கிலோமீட்டர். இரவும் பகலும் ஓடினால் 220 கிலோமீட்டர் வரும். கரையோரமாகப் போய் இரவில் நங்கூரமிட்டால் பாதி. எதிர்க்காற்றுக் காலத்தில் துறைமுகத்திலேயே மாதக்கணக்கில் கிடக்கலாம். தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை, வடகிழக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. நம் கடலைப் போலவே உங்கள் கடலுக்கும் காற்று மாதங்களை எழுதுங்கள்.

புறா: வேகம் பிரமாதம், மணிக்கு 60 முதல் 80 வரை. ஆனால் அது தன் கூட்டுக்குத்தான் திரும்பும், பதில் கொண்டுவராது. தலைநகருக்குச் செய்தி அனுப்பத் தலைநகரில் வளர்ந்த புறாவை முன்பே கூண்டில் எடுத்துப்போயிருக்க வேண்டும். இரவைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

யாளி, டிராகன் வகையறா: வேகத்தை நீங்களே வையுங்கள், யாரும் கேட்கமுடியாது. ஆனால் எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓடும், எப்போது சாப்பிடும், எத்தனை பேரைச் சுமக்கும் என்ற மூன்றையும் முதல் அத்தியாயத்திலேயே தீர்மானியுங்கள். பறப்பதற்கு மட்டும் நேர்க்கோட்டுத் தூரம்.

நடை வேகத்தை நம்ப முடியவில்லையென்றால் மெரினாவில் சோதித்துப் பாருங்கள். கலங்கரை விளக்கத்திலிருந்து நேப்பியர் பாலம் வரை மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல். விடியற்காலையில் நடைபாதையில் போய், திரும்பும்போது முதுகில் ஒரு மூட்டையோடு மணலில் வாருங்கள். பாலைவன அத்தியாயத்துக்குத் தேவையான எண் கிடைத்துவிடும்.

6. படை தனிக் கணக்கு

தனி ஆள் வேகத்தைப் படைக்குப் போடுவதுதான் எல்லோரும் விழும் குழி. பத்தாயிரம் பேர் நால்வர் நால்வராக, வரிசைக்கு 2 மீட்டர் இடம்விட்டுப் போனால் 2,500 வரிசை, 5 கிலோமீட்டர் நீளம். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் முன்வரிசை கிளம்பி ஒன்றே கால் மணி நேரம் கழித்துத்தான் கடைசி வரிசை அசையும். பின்னால் ஆயிரம் வண்டி, வண்டிக்கு 8 மீட்டர் என்றால் இன்னொரு 8 கிலோமீட்டர். அது நகர்ந்து முடிய இன்னும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாலையில் கூடாரம் அடிக்க வெளிச்சம் வேண்டும். நம் ஊர் அட்சரேகையில் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். சித்திரை வெயிலில் நடுப்பகல் போய்விடும்.

ஆகவே படைக்கு நாளுக்கு 15 கிலோமீட்டர் வையுங்கள், வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு. அவசரமென்றால் வண்டிகளை விட்டுவிட்டு ஓடலாம், அப்போது சோறு கையிருப்பு உள்ளவரைதான். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ தானியம் என்றால் பத்தாயிரம் பேருக்குப் பத்து டன்.

காவற்கோபுரக் காட்சி எழுதுகிறவர்களுக்கு ஒரு சின்ன உதவி. தரையில் நிற்பவருக்கு அடிவானம் 5 கிலோமீட்டருக்குள். 45 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் 24. உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 3.57-ஆல் பெருக்குங்கள். மூன்று நாள் தொலைவில் வரும் படையைக் கோட்டைச் சுவரிலிருந்து யாராலும் பார்க்கமுடியாது.

7. ஒரு பயணத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

வெண்கோட்டிலிருந்து மஞ்சுமலைக் கோட்டைக்கு. நூலில் சமவெளி 12 சென்டிமீட்டர், மலை 2 சென்டிமீட்டர். சமவெளி 180 கிலோமீட்டர். மலை 30, அதை 1.6-ஆல் பெருக்கினால் 48. ஏற்றம் 1,200 மீட்டர், அதற்கு இரண்டு மணி நேரம்.

நடந்து போகிறவருக்குச் சமவெளி ஏழே கால் நாள், நடுவே ஒரு நாள் ஓய்வு, மலை இரண்டரை நாள். பதினோரு நாள் என்று எழுதுங்கள். குதிரைக்காரருக்குச் சமவெளி நான்கு நாள், மலையில் குதிரையை நடத்தித்தான் போகவேண்டும் என்பதால் இரண்டு நாள், ஆக ஆறு. படைக்குச் சமவெளி பன்னிரண்டு நாள், மலை நான்கு, ஓய்வு இரண்டு, மொத்தம் பதினெட்டு. அஞ்சல் குதிரைச் செய்தி, மலைக்கும் ஆள் மாற்றினால், இரண்டு நாளில் போய்விடும்.

இந்த வரிசையில்தான் கதையே இருக்கிறது. படை கிளம்பிய செய்தி இரண்டாம் நாளே கோட்டைக்குத் தெரியும், கோட்டைக்காரர்களுக்குத் தயாராகப் பதினாறு நாள் கிடைக்கும். குதிரையில் ஓடிவந்து எச்சரிக்கும் நண்பன் ஆறாம் நாள் வந்து மூச்சுவாங்கினால், அவனுக்கு முன்பே செய்தி வந்துவிட்டது. அவன் காட்சி வேண்டுமென்றால் அஞ்சல் லாயம் ஒன்றை எரித்துவிடுங்கள்.

8. பயணப் பதிவேடு

கூகுள் ஷீட்ஸ் போதும். பத்திகள்: அத்தியாயம், யார், எங்கிருந்து, எங்கே, எதில், கிளம்பிய நாள், சேர்ந்த நாள், வழியில் தடை. நாளைக் 'கதை தொடங்கி 43-ஆம் நாள்' என்று எண்ணாகவே வையுங்கள், கழித்துப் பார்க்கச் சுலபம். உங்கள் நாட்டு மாதப்பெயரை இன்னொரு பத்தியில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு அத்தியாயத்தையும் வெளியிடுவதற்கு முன்பு பதிவேட்டைத் திறந்து ஒன்றை மட்டும் பாருங்கள்: அதில் இருவர் சந்திக்கிறார்களென்றால், இருவருடைய சேர்ந்த நாளும் ஒன்றா? கால் மணி நேர வேலை. தொடர் முடிந்தபின் உட்கார்ந்து பார்த்தால் மாதக்கணக்கில் திருத்த வேண்டியிருக்கும்.

நாள் பொருந்தவில்லையா? முதலில் கிளம்பிய நாளை மாற்ற முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் வாகனத்தை மாற்றுங்கள். அதுவும் ஆகாதென்றால் முந்திக்கொண்டவரை ஆற்றங்கரையில் வெள்ளத்துக்குக் காக்க வையுங்கள். வெளியிட்ட வரைபடத்தில் ஊரை மட்டும் நகர்த்தாதீர்கள். ஒரு ஊரை ஒரு சென்டிமீட்டர் தள்ளினால், அதன் வழியே போன அத்தனை பயணங்களையும் பதிவேட்டில் முதலிலிருந்து போடவேண்டும்.